எட்டாவது கூடு

அலை எட்டாத உயரத்தில், வெண்மணலின் மேல், நாற்புறமும் கயிறு கட்டி வளைத்த நீண்ட நிலம் ஒன்று இருந்தது. அதற்குள் வெளியார் யாரும் கால் வைப்பதில்லை. உப்புக்கொத்தி என்னும் சிறு பறவை முட்டையிடும் இடம் அது. கூடென்று சொல்லும்படி அப்பறவை எதையும் கட்டுவதில்லை. மார்பால் மணலை அழுத்தி உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம் செய்யும். சிப்பித் துணுக்குகள் சிலவற்றைப் பரப்பும். மூன்று முட்டைகளை இடும். முட்டையின் நிறம் மணலின் நிறம். முட்டையின் புள்ளிகள் மணலின் புள்ளிகள். கண்ணிற் படாதிருத்தல் ஒன்றையே காவலாகக் கொடுத்து, படைத்தவன் அவ்வுயிரை இவ்வுலகிற்கு அனுப்பியிருந்தான்.

அக்கரைக்கு வருவோரை மூன்று நாள் அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டி, நாற்பது வயதுப் பெண். காலையில் பறவைகள், நண்பகலில் கோரை பின்னும் கொட்டகை, மாலையில் கடல் என்பது அவள் வகுத்த ஒழுங்கு. கொட்டகையை நடத்துபவள் அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. உப்புக்கொத்தி முட்டையிட்ட இடத்தைக் கண்டவுடன் வழிகாட்டி அதற்கு மூன்றடி தள்ளி ஒரு சிவப்புக் கொடியை நடுவாள். சாயம் தோய்த்த கோரையில் உள்ளங்கை அகலத்திற்கு நாத்தனார் பின்னித் தரும் கொடி அது. "கொடிக்கு வலது பக்கம் பாருங்க" என்றால் போதும். கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் தொலைநோக்கியில் பறவையைக் கண்டுகொள்வார்கள். சென்ற ஆண்டுக் கொடிகள் வெளிறிப்போய்ப் பலருக்குத் தெரியவில்லை. ஆகவே இவ்வாண்டு நாத்தனார் கோரையை மூன்று முறை சாயத்தில் தோய்த்தாள். அவை மணலின் மேல் செந்தழலென நின்றன.

அவ்வாண்டுதான் எட்டுக் கூடுகளில் ஏழு அழிந்தன. காகம் வந்து முட்டைகளைக் கொத்திக் குடித்துவிட்டது.

பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இப்பருவத்தில் ஒரு குஞ்சேனும் வெளிவராவிட்டால் கயிற்றை அவிழ்த்து, நிழற்குடைக்கும் நாற்காலிக்கும் மணலை விட்டுவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். எட்டாவது கூட்டிற்கு அந்த வெள்ளி இருபத்தைந்தாம் நாள். முட்டை பொரிய வேண்டிய நாள்.

அந்த ஒரு கூடு மட்டும் தப்பியது இறையருள் என்றே வழிகாட்டி எண்ணியிருந்தாள். அதன் கொடி நட்ட அன்றே காற்றில் முறிந்துபோயிற்று. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக அழிய, அவற்றின் கொடிகளைப் பிடுங்கியெடுத்த துயரத்தில் புதுக்கொடி நட அவளுக்குக் கை வரவில்லை. புதன்கிழமை காலை, அதிகாரி வருமுன் எல்லாம் முறையாக இருக்கட்டும் என்று ஒரு புதிய கொடியை எடுத்துக்கொண்டாள்.

அன்று வந்திருந்தவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும்.

"எங்கம்மா இருக்கு? வெறும் மணலாத்தானே தெரியுது?" என்றார் ஓட்டுநர், தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தபடி.

"பஸ் கண்ணாடியை மட்டும் தினமும் துடைச்சாரு. மூக்கு மேல இருக்கிற கண்ணாடியைத் துடைக்க நான் வரணும்" என்று மனைவி அதைப் பிடுங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க ஐயா, இதோ தெரியும்" என்று வழிகாட்டி கயிற்றைத் தாண்டி உள்ளே சென்றாள். குனிந்து, கொடியை ஊன்றி, அடிமணலை விரலால் அழுத்தினாள்.

"ஆ! இப்போ தெரியுது. குட்டியூண்டு! என்னையே பாக்குது!" என்று ஓட்டுநர் கூவினார். கயிற்றுத் தூணின் மேல் அமர்ந்திருந்த காகமும் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நண்பகலில் கொட்டகைக்கு வந்தார்கள். அங்கே பாய்விரிப்பின் மேல் நனைத்த கோரைக் கட்டுகளும், வாசலில் கட்டிய கயிற்றில் உலரும் சிவப்புக் கோரையும் இருந்தன. வருபவர்கள் ஒருமணி நேரம் உட்கார்ந்து ஆளுக்கொரு சிறு கொடி பின்னுவது வழக்கம். நேராக வந்தவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். கோணலாக வந்தவற்றை வெட்கப்பட்டு விட்டுச் செல்வார்கள். அவற்றை எறிய மனமின்றி நாத்தனார் ஒரு கூடையில் போட்டுவைப்பாள். அக்கூடை நிரம்பி வழிந்தது.

"ஐயா, இது கொடியா, நசுங்கின தவளையா?" என்றாள் நாத்தனார், ஓட்டுநரின் கையிலிருந்ததைப் பார்த்து.

"முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கையம்மா. வளையுறதுதான் பழக்கம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கையில் வாசலில் ஒரு காகம் வந்து இறங்கியது. உலர்கின்ற கோரையின் கீழே மெல்ல நடந்தது. ஒரு கற்றையின் அடியில் நின்று மண்ணைக் கிளறிப் பார்த்தது, அடுத்ததற்குச் சென்றது, அங்கும் கிளறியது.

"வந்துட்டாரு துரை. ஒரு மாசமா தினமும் வர்றாரு. சிவப்பைக் கண்டா போதும், கீழ வந்து ஒவ்வொண்ணா சோதனை போட்டுட்டுத்தான் போவாரு" என்றாள் நாத்தனார்.

ஓட்டுநரின் விரல்கள் நின்றன.

"இது பயணிங்க வேலையாச்சே" என்றார். "புது ஊர்ல ஒருத்தன் பஸ்ஸுக்கு எங்க போய் நிப்பான்? ஸ்டாப் போர்டு எங்க இருக்கோ அங்க. பஸ் வருமா வராதான்னெல்லாம் யோசிக்க மாட்டான். போர்டைப் பாத்தான், நின்னான். உங்க துரையும் போர்டைப் பாத்துத்தான் நிக்கிறாரு."

வழிகாட்டி மனத்திற்குள் எண்ணிப் பார்த்தாள். கொடி நட்ட ஏழு கூடுகள் போயின. கொடி முறிந்த ஒரு கூடு நின்றது. இத்தனை நாள் கண்முன் கிடந்த கணக்கை ஒரு வாக்கியத்தில் ஒருவர் கூட்டிக் காட்டிவிட்டார். அந்த எட்டாவது கூட்டின் அருகே, இரண்டு மணி நேரத்திற்கு முன், அவளே தன் கையால் பலகையை ஊன்றிவிட்டு வந்திருக்கிறாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "அப்போ ஏழு கூட்டையும் நான்தான் காட்டிக் கொடுத்தேனா? மூணு தடவை சாயம் போட்டேனே... நல்லாத் தெரியணும்னு போட்டேனே."

"பின்னினது நீ. நட்டது நான். அழுறதா இருந்தா ரெண்டு பேரும் பிறகு சேந்து அழலாம். இப்போ எந்திரி. அதைப் பிடுங்கணும்."

வழிகாட்டி வாசலைத் தாண்டுமுன் ஓட்டுநரின் மனைவி அவள் கையைப் பற்றினாள்.

"பிடுங்காதேம்மா. காலையில நீ குனிஞ்சு நட்டதை அது பாத்திருக்கும். இப்போ மறுபடியும் அதே இடத்துல போய்க் குனிஞ்சேன்னா, இங்கதான் இருக்குன்னு நீயே கூப்பிட்டுச் சொன்ன மாதிரி."

"அப்போ என்னம்மா பண்றது?"

"போர்டு ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தானே ஆளுங்க அங்க நிப்பாங்க? நாப்பது போர்டு வெச்சிடு. நாலு இடத்துல நின்னு பாத்து, பஸ் வரலைன்னா மனுசனே சலிச்சுப்போய் நடந்துடுவான். காக்காவுக்கு என்ன தலையெழுத்து?"

"இவளை டிப்போவுல மேனேஜரா போட்டிருக்கணும்" என்றார் ஓட்டுநர்.

"வீட்டுல உங்களை மேய்க்கிறதே போதும்."

நாத்தனார் அதற்குள் கோணற்கொடிக் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். முப்பத்தெட்டு இருந்தன. ஓட்டுநரின் தவளையையும், அவர் மனைவி பாதி பின்னி விட்டதையும் சேர்த்து நாற்பது ஆயின. நால்வரும் ஆளுக்குப் பத்தாக எடுத்துக்கொண்டு, கரையின் கடைக்கோடியிலிருந்து கயிற்றுக்குள் நுழைந்தார்கள். வழிகாட்டி முன்னே நடந்தாள். அவளுடைய காலடித் தடத்தின் மேலேயே மற்ற மூவரும் கால் வைத்தார்கள். அவள் கை காட்டிய இடங்களில் குனிந்து, கொடியை ஊன்றி, அங்கே எதையோ கண்டவர்கள்போல் சற்று நேரம் அமர்ந்து எழுந்தார்கள்.

"குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்று முனகினாள் ஓட்டுநரின் மனைவி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "அவருக்கு நான் என்ன பதில் சொல்றது? காக்காவை ஏமாத்தினேன்னா?"

எட்டாவது கூடு இருந்த பக்கம் நால்வரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் கொடிக்கு இப்பாலும் அப்பாலும் பத்துப் பத்து அடியில் மற்றக் கொடிகள் நின்றன.

கயிற்றுக்கு வெளியே வந்து மூச்சு வாங்குகையில் துரை வந்து இறங்கியது.

முதற் கொடி. கிளறியது, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது, நான்காவது என்று அது வரிசையாக வந்துகொண்டே இருந்தது. தவளைக் கொடியின் அடியில் வெகுநேரம் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. கூட்டின் மேல் அமர்ந்திருந்த உப்புக்கொத்தி சந்தடியின்றி எழுந்து, குறுகுறுவென்று ஓடி, வேறொரு வெற்றுக் கொடியின் பக்கத்தில் தனக்கு ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டது. முட்டைகள் மூன்றும் வெறும் மணலாகக் கிடந்தன.

ஒன்பது. பத்து. பதினொன்று. எட்டாவது கூட்டின் கொடிக்கும் அதற்கும் இடையில் இன்னும் இரண்டே கொடிகள். நாத்தனார் வழிகாட்டியின் கையை இறுகப் பற்றினாள். இருவர் கையிலும் சாயத்தின் சிவப்பு ஒட்டியிருந்தது. வழிகாட்டி கண்ணை மூடவில்லை. மூடினால் வேண்டுதல் நின்றுவிடும் என்று அஞ்சியவள்போல் பார்த்தபடியே நெஞ்சிற்குள் வேண்டினாள். அதில் சொல் எதுவும் இல்லை; வா என்றும் போ என்றும் அறியாத ஒரு கூப்பிடுதல் மட்டும் இருந்தது.

காகம் பதினொன்றாவது கொடியைக் காலால் ஒருமுறை தட்டிற்று. ஏதோ திட்டுவதுபோல் இருமுறை கரைந்தது. பிறகு சிறகை விரித்து, மீன் இறங்கும் துறையை நோக்கிப் பறந்துபோயிற்று.

"சலிச்சுப்போய் நடந்துட்டான்" என்றார் ஓட்டுநர் மெதுவாக. அவருடைய மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழன் பகல் முழுவதும் நால்வரும் மாறி மாறிக் காவல் நின்றார்கள். படகிற் செல்லும் பயணத்தை ஓட்டுநரும் மனைவியும் வேண்டாமென்று விட்டார்கள். "கடல் எங்க போகப்போகுது?" என்றாள் அவள். துரை இரண்டுமுறை வந்தது. முதன்முறை ஆறு கொடிகளின் அடியில் கிளறிவிட்டும், அடுத்த முறை இரண்டோடு நிறுத்திக்கொண்டும் திரும்பியது.

வெள்ளி காலை, வெயில் மஞ்சளாக இருக்கும்போதே அதிகாரி வந்தார். கயிற்றின் முன் நின்றவர் திகைத்தார். மணல் முழுவதும் கோணலும் மாணலுமாகச் சிவப்புக் கொடிகள்.

"என்னங்க இது, திருவிழாவா? நாப்பது கூடா இருக்கு?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் வழிகாட்டி.

"எந்தக் கொடி?"

"கொஞ்சம் மெதுவாக் கேளுங்க சார்" என்றாள் நாத்தனார். "துரை காதுல விழுந்துடப் போகுது."

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கையில் அலுவலகத் தாள் இருந்தது. "எனக்குக் குஞ்சு வேணும்மா. கொடி இல்லை. கண்ணால பாத்தாத்தான் எழுத முடியும்."

வழிகாட்டி தொலைநோக்கியை அவரிடம் கொடுத்துக் கூட்டின் பக்கம் காட்டினாள். அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மணலில் எதுவும் அசையவில்லை. அப்போது உப்புக்கொத்தி கூட்டிலிருந்து எழுந்து நான்கடி நடந்து, திரும்பி நின்று, மெல்லிய குரலில் ஒருமுறை அழைத்தது.

மணலின் ஒரு துளி எழுந்து ஓடியது.

பஞ்சுருண்டை ஒன்றிற்கு இரண்டு நாணற்கால்கள் முளைத்தாற்போல் இருந்தது. ஓடி, நின்று, தடுக்கி விழுந்து, எழுந்து மீண்டும் ஓடித் தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்தது. அதன் பின்னே இன்னொன்று. மூன்றாவது முட்டை இன்னும் கிடந்தது.

"ரெண்டு" என்றார் அதிகாரி. அவருடைய குரலில் அலுவலகம் இல்லை. தாளைத் தொடைமேல் வைத்து எழுதினார். "மூணாவதுக்கு இடம் விட்டு எழுதறேன். கயிறு இருக்கட்டும்மா. அடுத்த வருஷமும் இருக்கட்டும். ஆனா கொடி..."

"நடமாட்டோம் சார்" என்றார்கள் அண்ணியும் நாத்தனாரும் ஒரே குரலில்.

அவர் சென்றபின் ஓட்டுநரும் மனைவியும் பைகளை எடுத்துக்கொண்டு வண்டிக்காக நின்றார்கள். பயணம் முடிகையில் எல்லோரிடமும் சொல்வதற்கென்று வழிகாட்டியிடம் நான்கு வரிகள் உண்டு; ஆண்டுக்கணக்காகச் சொல்லித் தேய்ந்தவை. அன்று முதல் வரியைத் தொடங்கியவளுக்கு இரண்டாம் வரி வரவில்லை. கையைக் குவித்தாள். குவித்த கையை இறக்கவும் தெரியாமல் நின்றாள்.

"அட, என்னம்மா இது, கோயில்ல நிக்கிற மாதிரி" என்றார் ஓட்டுநர், கூச்சத்தோடு. "பறவை காட்டினது நீங்க. நாங்க சும்மா வாய் பேசினோம்."

"வாய் பேசினது நீங்க. குனிஞ்சது நான்" என்றாள் அவர் மனைவி. வழிகாட்டியின் குவித்த கைகளைத் தன் இரு கைகளுக்குள் எடுத்து அழுத்தினாள். "எங்களுக்கும் சொல்லத் தெரியலை கண்ணு. இத்தனை வயசுக்கு மேல ஒரு புது உயிர் ஓடுறதை நின்னு பாக்கக் கொடுத்து வெச்சிருக்கணும். நீ காட்டின."

வண்டி வந்தது. நாத்தனார் கையசைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றருகே போய்க் காவலுக்கு அமர்ந்தாள். தொலைநோக்கி வழியே மூன்றாவது முட்டையில் மயிரிழை போல் ஒரு விரிசல் தெரிந்தது.

"அண்ணி, சீக்கிரம் வாங்க" என்று அவள் மெல்ல அழைத்தாள்.