தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

என் கணவரும் என் அண்ணனும் ஒரே துறைப் பேராசிரியர்கள். அந்தக் காலத்துக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன, எப்படி மாறின என்று ஆராய்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. இந்தக் காலத்துக் குடும்பத்தில் எப்படி வாழ்வது என்பது மட்டும் இருவருக்கும் சுட்டுப்போட்டாலும் வராது.

சண்டை ஒரு தாழ்ப்பாளில் ஆரம்பித்தது. பழைய வீடுகளில் படுக்கையறைக் கதவுக்கு முதலில் தாழ்ப்பாளே கிடையாதாம். பிற்பாடுதான் உள்பக்கமாக வைத்தார்களாம். "அப்பத்தான் புருஷன் பொண்டாட்டிக்குள்ள காதலே வந்துச்சு" என்று இவர் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். "காதலாவது கத்திரிக்காயாவது! இரும்பு விலை குறைஞ்சுது, அவ்வளவுதான்" என்று அண்ணன் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார்.

அதோடு அண்ணன் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் வேலை மாறி எங்கோ தொலைதூரத்துக்குப் போகிறார். ஒரு துண்டு இரும்புக்காக என் கூடப் பிறந்தவர் ஒருவாய் சாப்பிடாமல் போய்விடுவாரோ என்று எனக்குக் கவலை. இவரிடம் சொன்னால், "முதல்ல அவர் கருத்தை வாபஸ் வாங்கட்டும்" என்கிறார்.

இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டைப் பார்க்க இருவருக்கும் ஒரே நாளில் அனுமதி கிடைத்தது. அண்ணனைக் கையோடு சாப்பிட இழுத்துவரலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன்.

"உன் புருஷனைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"உன் அண்ணன்தான் வெளிச்சத்தை மறைக்கிறார்னு சொல்லு" என்றார் இவர், கூரையைப் பார்த்தபடி.

மாடியில் கடைசி அறை வாசலில் இருவரும் ஒன்றாகக் குனிந்து கதவைப் பார்த்தார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை.

"புதுசா கல்யாணமானவங்களை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு மாமியாரே பூட்டியிருப்பாங்க" என்று இவர் ஆரம்பித்தார்.

"அரிசி மூட்டையைப் பூட்டியிருப்பாங்க" என்றார் அண்ணன்.

"மூட்டைக்கு எதுக்கு ஜன்னல்?"

"காத்து வாங்க!"

பேசிக்கொண்டே இருவரும் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். தட்டத் தட்டக் குரலும் ஏறியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது.

முதலில் தனித்தனியாகக் கத்தினார்கள். பிறகு ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

"உங்க தங்கச்சிக்குச் சின்ன வயசுலேருந்தே இந்தத் திமிர் உண்டா, மச்சான்?" என்றது இவர் குரல்.

"இப்பவாவது நான் பட்ட பாடு தெரியுதா, மாப்பிள்ளை?"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மச்சானையும் மாப்பிள்ளையையும் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"அண்ணா, வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்னு சொன்னாத்தான் திறப்பேன்."

"வர்றேன் தாயே, திற!"

வந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டார். கை காய்வதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரைக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்தக் காலத்துக் குடும்பத்துல ஒருத்தரை அடைச்சு வைக்கிற அதிகாரம் முழுக்க ஆம்பளைங்க கையிலதான் இருந்துச்சு. வெளித்தாழ்ப்பாளே சாட்சி" என்றார் அண்ணன்.

"அதுல மறுபேச்சே இல்ல, மச்சான்" என்றார் இவர்.

நான் கரண்டியோடு நின்றேன். "இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் அடைச்சு வெச்சது யாரு?"

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"அதையெல்லாம் ஆராய்ச்சியில சேர்க்க முடியாதும்மா" என்றார் அண்ணன் பொறுமையாக. "அது குடும்ப விஷயம்."