வண்டிவீட்டின் பதினேழாவது குறை

புதிதாக வாங்கிய வண்டிவீட்டின் படுக்கைப் பக்கச் சுவரில் ஆறாம் நாள் முடி முளைத்தது. பூஞ்சை இல்லை, நார் இல்லை, பஞ்சு இல்லை, தலைமுடி. இரண்டு பலகைகள் சேருகிற இடத்தில், மூன்று நாள் சவரம் செய்யாத தாடை மாதிரி முதலில் கறுத்துக் கிடந்தது, அடுத்த வாரம் ஒரு விரல் நீளம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இல்லை, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாதவர்களும் இல்லை. லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. இழுத்தால் வேரோடு வந்தது, வேர் நுனியில் வெள்ளையாகச் சின்ன உருண்டை இருந்தது. வெயில் ஏறிய பிற்பகல்களில் அந்த அறை முழுவதும் குளிக்காத தலையின் வாடை அடித்தது.

வாங்கியவர் மீட்டர்காரர். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு எண்ணைக்கூடக் குத்துமதிப்பாக எழுதியதில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. மனைவி பார்லரம்மா, தெருமுனையில் முடி வெட்டும் கடை நடத்தியவர். உலகத்தில் மீட்டர்காரருக்கு ஆகவே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது முடிதான். தட்டில் ஓர் இழை தட்டுப்பட்டால் அந்த வேளை பட்டினி. பார்லரம்மா கடையிலிருந்து வந்ததும் பின்வாசலில் நின்று உடுப்பை உதறி, முகம் கை கால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரலாம். இருபத்தேழு வருடம் அப்படித்தான் வந்தார். இவ்வளவு அருவருப்புப் படுகிற மனுஷன் ஏன் முடி வெட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கேட்டால், கல்யாணத்தின்போது பார்லரம்மா தையல் கடையில்தான் இருந்தார் என்று கோபமாகச் சொல்வார்.

பார்லரம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. அத்தனை வருடம் சிமெண்டுத் தரையில் நின்று பிழைத்ததில் இடது முட்டி போய்விட்டது. வலது முட்டிக்கு மருத்துவர் இரண்டு வருடம் கொடுத்திருந்தார். அதற்குள் ஊர் ஊராகப் போக வேண்டும். "நின்னது போதும்ப்பா. இனிமே உக்காந்துக்கிட்டே உலகத்தைப் பாக்கணும்," என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கடையை விற்றார். மீட்டர்காரரும் ஓய்வுப் பணத்தைக் கொண்டுவந்து போட்டார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற அந்த வெள்ளை வண்டிவீடு ஒரு திங்கட்கிழமை தெருவில் வந்து நின்றது. உள்ளே ஏற மூன்று படி.

அதை அவர்கள் தலையில் கட்டியவனைச் சிரிப்புக்காரன் என்றே சொல்வோம், வேறு எந்த வேலையும் அவன் செய்து நாங்கள் பார்த்ததில்லை. முதல் நாள் கதவைச் சாத்த முடியவில்லை. தோளால் முட்டுக் கொடுத்து இடித்தால் மூடிக்கொண்டது, மூடிய பிறகு திறக்கவில்லை. ஜன்னல் ரப்பர் தோல் உரிவது போல் கையோடு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாயையே இணைக்காமல் விட்டிருந்தார்கள், கழுவிய தண்ணீரெல்லாம் அலமாரியில் மடித்து வைத்த துணிகளில் போய் ஊறியது. கழிவுத் தொட்டி மூடிக்குப் பாதி மரைதான் இருந்தது. மூன்றாம் நாள் அது மீட்டர்காரரின் செருப்பின்மேல் கழன்று விழுந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் விழுந்தது. அந்தத் தெருவில் அன்று யாரும் மதியம் சாப்பிடவில்லை. கூரை விளக்கு எரியவில்லையே என்று கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓர் ஒற்றைக் காலுறை, கடித்து வைத்த ரொட்டித் துண்டு, வெட்டிப்போட்ட நகங்கள். தொழிற்சாலையில் எவனோ ஒருவன் அங்கே உட்கார்ந்து தின்று, நகம் வெட்டி, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடித் திருகிவிட்டு, பக்கத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று சீட்டும் ஒட்டியிருக்கிறான். சீ என்று ஆகிவிட்டது எங்களுக்கு. மீட்டர்காரர் ஒவ்வொன்றையும் எண் போட்டுத் தன் பழைய மீட்டர் நோட்டில் எழுதினார். பதினாறு குறைகள். ஆறாம் நாள் காலை பதினேழு என்று போட்டு, 'படுக்கைப் பக்கச் சுவர் – முடி' என்று எழுதிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார்.

தொலைபேசியில் சிரிப்புக்காரன், "முடியா? உங்க வீட்டம்மாவோடதா இருக்கும் சார்," என்றான். முளைத்திருக்கிறது என்றதும், இடப்பக்கச் சுவரா வலப்பக்கச் சுவரா என்று கேட்டு, வலப்பக்கம் என்றால் வேறு பிரிவுக்கு எழுதச் சொன்னான். அந்தப் பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டியது. மற்ற பதினாறுக்கும் ஆள் வந்தது. வந்தவர்கள் கதவைச் செதுக்கினார்கள், அதன் பிறகு கதவைச் சாத்தினாலும் விரல் போகும் அளவுக்குச் சந்து இருந்தது. குழாயை இணைத்தார்கள், இணைப்பில் துணியைச் சுற்றியிருந்தார்கள், அந்தத் துணி பழைய உள்ளாடை. முடியைக் கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது தங்கள் வேலைத்தாளில் இல்லை என்றார்கள்.

உத்தரவாதம் ஒரு வருடம். குறை தீராமல் வண்டி தெருவை விட்டு நகராது என்று மீட்டர்காரர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்த அசிங்கத்துக்குப் பக்கத்துல தலை வச்சு எப்படிம்மா தூங்குறது? காசு குடுத்து வாங்கியிருக்கோம். அவன் வந்து பாத்து, தப்புன்னு ஒத்துக்கிட்டு, மாத்திக் குடுக்கட்டும். அப்புறம் போலாம்," என்றார். பார்லரம்மா நாள்தோறும் பிற்பகலில் வண்டிவீட்டின் மூன்று படிகளையும் ஏறிப் பார்ப்பார், இன்னும் ஏற முடிகிறதா என்று பார்ப்பதற்காக. முதல் மாதம் நின்றபடி ஏறினார். ஐந்தாம் மாதம் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மீட்டர்காரர் அப்போதெல்லாம் வீட்டுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாதம் கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வந்தார். வெளிச்சமான பகலிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறவர் என்பதால் டார்ச்சுக்காரர் என்று பெயர் வைத்தோம். மீட்டர்காரர் வெற்றி முகத்தோடு அவரைப் படுக்கைப் பக்கம் கூட்டிப்போய்த் திரையை விலக்கினார். சுவரில் முடி இருந்தது. ஆனால் அலசி, உலர்த்தி, சீவி, ஓரம் நேராக வெட்டி, நுனி லேசாக உள்பக்கம் வளைந்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது. டார்ச்சுக்காரர் விளக்கை இப்படியும் அப்படியும் அடித்தார், ஒரு முறை தன் சொந்தத் தலையைத் தடவிக்கொண்டார், 'சுவர் அலங்காரம் மிக நேர்த்தி, குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று அவர்கள் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏன் வெட்டினாய் என்று மீட்டர்காரர் கத்தினார். "வெளி ஆளு வர்றாங்கன்னா அப்படியேவா விட முடியும்? பரட்டையாத் தொங்குச்சு. என் கண்ணு முன்னால ஒரு முடி அப்படித் தொங்கினா என் கை சும்மா இருக்காது. இருபத்தேழு வருஷப் பழக்கம்," என்றார் பார்லரம்மா. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, ஆனால் மீட்டர்காரரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

மீட்டர்காரர் வண்டிவீட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். டார்ச்சுக்காரர் மறுபடி வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. நடுவில் மூன்று வாரம் விடாமல் மழை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் முடி படுக்கையை மூடி, தரையில் இறங்கி, தொட்டியின் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீரை மேலே இழுத்து ஊறிக் கிடந்தது. பொடுகு தலையணைமேல் மாவு கொட்டியதுபோல் கிடந்தது. பத்தாம் மாதம் பேன் வந்தது. செதுக்கிய கதவுச் சந்து வழியாக அவை இறங்கித் தெருவுக்கு வந்தன. ஒன்பது வீட்டிலும் எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு அலைந்தோம், பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு உச்சந்தலை அரிக்கிறது. பார்லரம்மா ஒரு பக்கம் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பேன்சீப்பு போட்டு வாரி விட்டார், வண்டிவீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டார்ச்சுக்காரர் உத்தரவாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முகமூடி போட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் ஓர் அடி பின்னால் போனார். முழங்கால்வரை முடியில் இறங்கி நின்று, அளவு நாடாவால் நீளம் எடுத்தார், மாதிரிக்கு ஒரு கற்றையைக் கவரில் போட்டார், ஷூவுக்குள் ஏதோ ஊர்கிறது என்று சொல்லி ஓடினார். ஆறு வாரம் கழித்துக் கம்பெனியின் பதில் வந்தது. அது வண்டியின் முடிதான் என்று அவர்கள் முழுமையாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். முடி வளர்வது உயிருள்ளவற்றின் இயல்பு, உயிருள்ள பொருள்களுக்கு உத்தரவாதம் பொருந்தாது, மேலும் நான்கு மாதம் பராமரிக்காமல் விட்டது உரிமையாளரின் அலட்சியம் என்று எழுதியிருந்தது. கீழே, வாடிக்கையாளர் நலனே தங்கள் மூச்சு என்று ஒரு வரி. மீட்டர்காரர் அதை மூன்று முறை படித்தார், மறுநாள் காலை மறுப்புக் கடிதம் எழுத உள்ளே போனார்.

அவர் எழுதிய தாளோடு திரும்பி வந்தபோது பார்லரம்மா காரின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். அதற்கு முன்னால் அவர் செய்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். காய வைத்த சட்டையிலிருந்து சாவியை எடுத்தார். மூன்று படிகளையும் முதுகு காட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் ஊன்றி ஏறினார். வலது முட்டியும் மடங்க மறுத்தது. உள்ளே கத்தரிச் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. ஆறு மூட்டை முடி வெளியே வந்து விழுந்தது, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இழுத்துப்போய்க் கொளுத்தினோம், தெரு மூன்று நாள் நாறியது. பிறகு அதே மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, எங்களிடம் காரை மாட்டச் சொல்லி, ஓட்டுகிற இடத்தில் போய் அமர்ந்தார்.

"எங்க போற? முட்டியை வச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவ?" என்றார் மீட்டர்காரர்.

"பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஒரு காலு போதும். அதுவும் இந்த வருஷம் மட்டும்தான். நீங்க வர்றதுன்னா ஏறுங்க. இல்லன்னா இருந்து லெட்டர் எழுதுங்க. எனக்கு நேரமில்ல."

மீட்டர்காரர் தாளைப் பார்த்தார், வண்டிவீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகம் கசப்பு மருந்து குடித்தவர் முகம் போல இருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அன்று புதன்கிழமை, காலை பத்தேகால்.

அவர்களுக்கு வந்த தபாலை நாங்கள்தான் வாங்கி வைத்து அடுத்த ஊருக்கு அனுப்பினோம், அதனால் மற்றது தெரியும். முதல் வருடம் முழுவதும் மீட்டர்காரர் கால்மாட்டில் தலை வைத்துப் படுத்தார், அப்படியும் விடியும்போது வாயில் ஓர் இழை இருந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் கம்பெனிக்கு எழுதினார். பார்லரம்மா ஏரிகளைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், கடலை மூன்று பக்கத்திலிருந்து பார்த்தார், எல்லாவற்றையும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே பார்த்தார். சுவர் முடி, படுக்கையில் உட்கார்ந்தால் கைக்குச் சரியான உயரம், தன் வாழ்நாளில் உட்கார்ந்துகொண்டு வெட்டிய ஒரே தலை அதுதான் என்று எழுதினார், தலை என்றுதான் எழுதினார். இரண்டாம் வருடம் வலது முட்டியும் ஓய்ந்தது. மீட்டர்காரர் ஓட்டினார், படியில் தூக்கி ஏற்றி இறக்கினார். பார்லரம்மாவின் விரல்கள் கத்தரியைப் பிடிக்க முடியாமல் வீங்கிய வாரங்களில் கையுறை மாட்டி, மூக்கில் துணி கட்டி, ஓங்கரித்துக்கொண்டே அலசியும் விட்டார். நான்காம் வருடம் சுவர் நரைத்தது.

ஆறாம் வருடம் மீட்டர்காரர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல் எங்களுக்கு வந்தது. சுருக்கமான கடிதம். பொருள்: முப்பத்தொன்றாவது குறை, படுக்கைப் பக்கச் சுவரில் முடி கொட்டுதல். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்துவிட்டது, தடவியும் அலசியும் பார்த்தாயிற்று, பலனில்லை. வாங்கிய புதிதில் முடி நல்ல அடர்த்தியாக இருந்தது, அதற்கு எங்கள் தெருவே சாட்சி. என் மனைவி காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறாள், பார்த்து வருத்தப்படுகிறாள். உடனே ஆள் அனுப்பவும். நகலின் அடியில் சாட்சிகளுக்காகக் கோடு போட்டு இடம் விட்டிருந்தார். ஒன்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு அன்றைய தபாலிலேயே அனுப்பினோம்.