ஜூன் பதினைந்துக்கு முன் ஒரு தொப்பி

தொப்பிகள் ஆறும் என் வீட்டு முகவரிக்குத்தான் வந்தன. அலுவலகத்துக்கு வரக் கூடாது என்று மார்வின் டெஸ்கி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் நிதிப் பொறுப்பாளர். நான் ஆட்சிக் குழுவின் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எழுதி வைப்பவள். எங்கள் ஊரான ஹார்லன் ஃபெரியில் தொப்பியில் எழுத்துத் தைக்கிற கடைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் ரகசியம் தங்காது. அதனால் இருநூறு மைல் தள்ளி ஒரு கடையில் சொல்லிச் செய்தோம். ஊதா நிறம், முன்னால் எங்கள் அணிச் சின்னமான நீர்நாய், பக்கத்தில் நாங்கள் புதிதாகச் சேரப்போகிற கிரானைட் விளையாட்டுக் கூட்டமைப்பின் மலை முத்திரை.

"பெட்டியப் பிரிக்காதீங்க லோர்னா," என்றார் மார்வின். "பிரிச்சா யார்கிட்டயாவது காட்டத் தோணும்."

"இருபத்தாறு வருஷமா வாயத் தொறக்காதவளா இப்ப தொறக்கப் போறேன்?"

"இருபத்தாறு வருஷத்துல வாயத் தொறந்து சொல்ற மாதிரி இங்க ஒண்ணும் நடக்கலியே."

அவர் சிரித்த கடைசி நாட்களில் அது ஒன்று.

எங்கள் பக்கத்தில் தலையில் தொப்பி ஏறினால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பள்ளி முடிக்கிற பையன் எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறான் என்பதை உடற்பயிற்சிக் கூடத்தில் ஊரைக் கூட்டித்தான் சொல்வான். மேசைமேல் மூன்று கல்லூரிகளின் தொப்பி இருக்கும். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டானா, முடிந்தது. கையெழுத்தெல்லாம் பிறகு ஆற அமர நடக்கும். தொப்பி வைத்த பிறகு மனம் மாறிய ஒரு பையனின் அப்பாவுக்கு எங்கள் ஊர் முடிதிருத்துபவர் இரண்டு வருஷம் முடி வெட்ட மறுத்தார். அவர் அடுத்த ஊருக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தார்.

நாங்கள் நாற்பத்தொரு வருஷமாக ஒன்பது நதிக் கூட்டமைப்பில் ஆடி வந்தோம். தொலைக்காட்சிப் பணமும் போட்டி வசூலும் சேர்த்து ஒவ்வொரு ஜூன் பதினைந்தாம் தேதியும் உறுப்பினர்களுக்குப் பங்கு வரும். இந்த வருஷம் எங்கள் பங்கு பத்தொன்பது லட்சம் டாலர். ஆனால் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டவர்களுக்கு அந்த வருஷப் பங்கு கிடையாது. கடிதம் மூலம் சொன்னாலும் சரி, பொதுவில் பேச்சாலோ செயலாலோ காட்டினாலும் சரி, சொன்னது சொன்னதுதான், திரும்பப் பெற முடியாது என்று விதியில் இருந்தது. விலகுகிறவர்கள் முப்பது லட்சம் கட்டணமும் கட்ட வேண்டும். அதை கிரானைட்காரர்கள் முன்பணமாகத் தந்து, பிறகு எங்கள் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு.

ஆகவே பதினைந்தாம் தேதி பங்கு கைக்கு வரட்டும். பதினாறாம் தேதி கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் ஆறு பேரும் தொப்பி போட்டுக்கொள்வது என்று திட்டம். அது நாணயமான காரியம்தானா என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

கேள்வி கேட்டது ஒடெட் ராஸ்முசென் மட்டும்தான். பெண்கள் நீச்சல் அணியின் பயிற்சியாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் கோச். கிரானைட்டில் நீச்சல் போட்டியே கிடையாது என்பது தெரிந்து, ஏப்ரல் கூட்டத்தில் அனுமதி வாங்கி உள்ளே வந்தார்.

"எங்கிட்ட இருபத்தி நாலு பொண்ணுங்க இருக்காங்க மார்வின். அவங்க என்ன ஆவாங்க? அத மட்டும் சொல்லுங்க."

"பங்குப் பணம் வந்ததும் அதுல மூணு வருஷத்துக்கு ஒதுக்கி வைக்கிறோம் கோச். இப்ப முதல் வருஷத்துல இருக்குற பொண்ணு பட்டம் வாங்குற வரைக்கும் குளம் திறந்திருக்கும். உதவித்தொகையும் நிக்காது."

"வரலைன்னா?"

"நாப்பத்தொரு வருஷமா வருது. இந்த வருஷம் மட்டும் ஏன் வராம போகுது?"

அதை வார்த்தை பிசகாமல் எழுதினேன். 'பங்குப் பணம் வந்ததும்' என்பதையும் சேர்த்துத்தான்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் டாக்டர் ஹால்விக்கின் கார் வந்து நின்றது. அவர் எங்கள் பல்கலைக்கழகத் தலைவர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. முன்பிருந்த இடத்திலும் கூட்டமைப்பு மாற்றியவர் என்றுதான் அவரைத் தேடிப் பிடித்தார்கள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, தொப்பியில் ஒன்றைக் கொடுங்கள், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

பின்னால் பட்டை வைத்த தொப்பி அது. இழுத்துப் பூட்டினால் எந்தத் தலைக்கும் பொருந்தும். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியாமல் இருக்காது. பெட்டியின் நாடாவைச் சமையலறைக் கத்தியால் அறுத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தலைவர் வாசலில் வந்து கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு நன்கொடையாளர்களுக்கு வருஷாந்திர விருந்து. விடியற்காலையிலிருந்து புகைபோட்ட மாட்டிறைச்சி, பீன்ஸ், சோளரொட்டி. உருளைக்கிழங்கு சாலட் பரிமாறுவது என் பங்கு. டாக்டர் ஹால்விக் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கை குலுக்கிக்கொண்டிருந்தார். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. டுவைன் பர்செலின் மேசையில் நின்றார். நான்கு மாவட்டத்தில் டிராக்டர் விற்கிற பர்செல் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

போகப் போகிறோம், போகப் போகிறோம் என்று காதில்தான் விழுகிறது, ஒன்றும் கண்ணில் காணவில்லையே என்று ஆரம்பித்தார். மூன்று வாரம் பொறுங்கள் என்றார் தலைவர்.

"மூணு வாரமா? பதினெட்டு வயசுப் பையன் ஊர் முன்னால நின்னு தொப்பி போடுறான். உங்களுக்கு அந்தத் தைரியம்கூட இல்லியா டாக்டர்?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேசைகளும் திரும்பின. பர்செல் காசோலைப் புத்தகத்தை எடுத்து பீன்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பத்து லட்சம். இங்கயே எழுதுறேன். நான் பணம் குடுக்குறது ஆளப் பாத்து. கடுதாசியப் பாத்து இல்ல."

கூடாரத்தின் மறுகோடியில் மார்வின் எழுந்ததைப் பார்த்தேன். தட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நடந்து வந்தார். பாதி தூரம்தான் வந்திருப்பார். டாக்டர் ஹால்விக் கோட்டுக்குள் கையை விட்டார். தொப்பியை எடுத்தார், உதறினார், தலையில் வைத்தார். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அதற்குள் கூடாரம் முழுக்கக் கைதட்டல். நூற்றிருபது பேர், ஒவ்வொருவர் கையிலும் போன்.

மார்வின் என் மேசைக்கு வந்து நின்றார்.

"லோர்னா, அது உங்க பெட்டிலேர்ந்து போனதா?"

"ஆமா."

"சரி," என்றார். கையிலிருந்த தட்டை என் பக்கம் நீட்டினார். நானும் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அதில் சாலட் வைத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது நதிக் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பத்தியும் ஒரு படமும். எங்கள் முடிவை வருத்தத்துடன் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஒன்று பத்திலிருந்து நாங்கள் விலகியவர்கள். இந்த வருஷப் பங்கு இல்லை. முப்பது லட்சத்தைத் தொண்ணூறு நாளில் கட்ட வேண்டும். பத்து நொடி தலையிலிருந்ததற்கு அந்தப் படம் மிகத் தெளிவாக இருந்தது. மலை முத்திரையின் தையல்கூடத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கிரானைட்டிலிருந்து தொலைபேசி. எங்களைச் சேர்ப்பதற்கு அவர்கள் ரகசியமாக நடத்தவிருந்த வாக்கெடுப்பு ஜூன் பத்தில் நடக்காது, இலையுதிர்காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், எங்கள் கணக்கை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். அதுவரை அவர்களுடைய முத்திரையை எங்கும் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது என்று மிக மரியாதையாகச் சொன்னார்களாம். வாக்கெடுப்பு இல்லையென்றால் முன்பணமும் இல்லை. பர்செல் விருந்தில் எழுதிக் கொடுத்த காசோலையை எடுத்துப் பார்த்தோம். கீழே ஓரமாகச் சின்ன எழுத்தில், கிரானைட்டில் சேர்ந்த தேதிக்குப் பிறகு செல்லும் என்று எழுதியிருந்தார். டிராக்டர் வியாபாரி.

புதன்கிழமை காலை மார்வின் ஓர் உறையை என் மேசையில் வைத்தார். நீச்சல் அணிக்கான ஒதுக்கீடு மறுபரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி. இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று இன்னொரு வரி. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் கோச் தப்பாக நினைக்க மாட்டார் என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

குளத்தில் பெண்கள் நீந்திப் போய் வந்துகொண்டிருந்தார்கள். கோச் ஓரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த உறையைப் பார்த்தார், வாங்கவில்லை.

"பணம் வராதுல்ல?"

"வராது கோச்."

"தொப்பி அவர் கைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன். அளவு பாக்கணும்னார்."

"படத்துல பாத்தேன். பின்னால பட்டை வச்சது."

"ஆமா."

 கோச் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எட்டுச் சுத்து இருக்கு. அவங்க முடிக்கட்டும். அதுவரைக்கும் அது உங்க கையிலயே இருக்கட்டும்."

நின்றேன். அப்போதுதான் ஆழமான பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் கையில் சுருட்டிய காகிதம். சுவர் ஓரமாக நாடாவை நீட்டினார்கள். கோச் அங்கேயிருந்தே என்ன வேலை என்று கேட்டார்.

"கால்பந்து அணிக்கு எடை தூக்குற கூடம் வருதும்மா இங்க. தலைவர் ஆபீஸ்ல நேத்து சொன்னாங்க. கிரானைட்காரங்க கணக்குப் பாக்க வர்றதுக்குள்ள வேலைய ஆரம்பிச்சிருக்கணுமாம்."

"எந்தப் பணத்துல?"

அவர் தோளைக் குலுக்கினார். அளப்பதுதான் அவர் வேலை.

நாடாவின் நுனி ஈரத்தரையில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட்டவள், அதை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, சுவரை உதைத்துத் திரும்பினாள்.

"ஏழு," என்றார் கோச்.