இரண்டாம் பாகத்துக்கு முதல் விருதா?

வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பேர். வயது நாற்பதைத் தாண்டி, ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் இயக்குநராக உட்கார்ந்த பிறகும் அண்ணனுக்கு அவள் சுண்டுதான். அதனால் அந்த வியாழக்கிழமை காலை, பத்திரிகையில் அண்ணன் தன்னை 'இயக்குநர் அவர்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மரியாதை கொடுத்தால் பின்னால் அடி வருகிறது என்று அர்த்தம்.

அண்ணன் சினிமா விமர்சகர். வருஷக்கணக்காக வாராவாரம் எழுதுகிறவர். அவர் பாராட்டினால் அதைத் தயாரிப்பாளர்கள் போஸ்டரில் போடுவார்கள். திட்டினால் போஸ்டரை இன்னும் பெரிதாக அடிப்பார்கள். அந்த வாரக் கட்டுரைக்கு அவர் வைத்திருந்த தலைப்பு, 'இரண்டாம் பாகத்துக்கு முதல் விருதா?'

விஷயம் இதுதான். சில வருஷத்துக்கு முன்னால் சுண்டு ஒரு கொக்குப் படம் எடுத்தாள். மீன் பிடிக்கத் தெரியாத கொக்கு. தண்ணீரில் மீனைப் பார்த்ததும் ஒரு காலைத் தூக்கும், யோசிக்கும், யோசித்து முடிப்பதற்குள் மீன் போய்விடும். குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பள்ளிக்கூடப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் கொக்கு ஏறி உட்கார்ந்தது. இந்த வருஷம் அதன் இரண்டாம் பாகம் வந்தது. இதில் கொக்குக்கு வயதாகிவிட்டது. மறதி வந்துவிட்டது. வருஷத்தின் சிறந்த படத்துக்கான முதல் விருதுக்கு இறுதிப் போட்டியில் அந்தப் படம் இடம்பிடித்ததும் ஊரே இரண்டுபட்டது. அனிமேஷன் படம் அந்த வரிசைக்கு வந்ததே முதல் தடவை. அதிலும் இரண்டாம் பாகம்.

அண்ணன் கட்டுரையில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. நிதானமாக, படிப்படியாக, யாரும் தலையாட்டும்படி எழுதியிருந்தார். அனிமேஷனுக்கென்று தனி விருது இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளட்டும். முதல் பாகத்தில் சம்பாதித்த பாசத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டாம் பாகம் கடை விரிக்கிறது. புதிதாக ஒரு மனிதனை நம் முன் நிறுத்தி, நம்மை நம்ப வைப்பவர்களுக்குத்தான் முதல் விருது போக வேண்டும். கடைசி வரியில் வாழ்த்து வேறு.

ஸ்டுடியோவில் எல்லோரும் படித்திருந்தார்கள். அவள் காபி மெஷின் பக்கம் போனபோது அங்கே நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது. தயாரிப்பாளர் மட்டும் போன் செய்தார்.

"உங்க சொந்த அண்ணன்தானே மேடம்? வீட்டுக்குள்ளயே பேசித் தீத்திருக்கக் கூடாதா? ஜூரிங்க இன்னும் ஓட்டுப் போடல. அவர் எழுதினா அவங்க படிப்பாங்க."

"நான் பேசறேன்" என்றாள். என்ன பேசப் போகிறோம் என்று தெரியாமலே சொன்னாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அண்ணி. அண்ணி பல் டாக்டர். யாரை எப்போது வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும், எப்போது மூடச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள்.

"வா சுண்டு. கத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லு, ஜன்னலைச் சாத்திடறேன்."

"சாத்திடுங்க அண்ணி."

அண்ணன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "படிச்சியா?" என்றார்.

"நல்லா இருக்குன்னு சொல்லணுமா?"

"தப்பு இருந்தா சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தனி விருது இருக்கே, அதை வாங்கிட்டுப் போங்கன்னு எழுதியிருக்கே. வீட்டுக்கு வந்தவங்களைக் கூடத்துல உக்கார விடாம, உங்களுக்குன்னு பின்னாடி ஒரு ரூம் இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"உவமையெல்லாம் நான் சொல்ல வேண்டியது. நீ விஷயத்தைச் சொல்லு."

"நீ முதல்ல சொல்லு. எது குறைச்சல்?"

அண்ணன் விரலை நீட்டினார். "ஒரு நடிகன் வெயில்ல நிக்கிறான். அவனுக்கு வேர்க்குது. அந்த வேர்வையை யாரும் எழுதி வைக்கல. காத்து அடிக்குது, அவன் முடி கண்ணுல விழுது, தள்ளி விடறான். அது உண்மை. உன் படத்துல ஒரு இறகு அசைஞ்சாக்கூட யாரோ உக்காந்து தீர்மானிச்சது. தானா நடக்கறதுன்னு ஒண்ணுமே கிடையாது."

"தானா நடக்கறதுக்குத்தான் விருதா? உக்காந்து யோசிச்சுச் செய்யறவங்களுக்குக் கிடையாதா?"

"சரி, அதை விடு. ரெண்டாம் பாகம்? அந்தக் கொக்கை உள்ள கொண்டு வந்ததும் தியேட்டரே கை தட்டுது. இன்னும் ஒண்ணுமே செய்யல அது. அந்தக் கைதட்டல் எந்தக் கணக்குல சேரும்?"

"அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பெரிய தலைவலி" என்றாள் சுண்டு. குரல் ஏறிவிட்டது. "அது காலைத் தூக்கினாலே சிரிக்கணும்னு நானே ஜனங்களைப் பழக்கி வச்சிருக்கேன். இப்ப அதே கொக்கு, அதே மாதிரி காலைத் தூக்குது. மீனுக்காக இல்ல. எதுக்குத் தூக்கினோம்னு மறந்துபோய் நிக்குது. சிரிச்சுக்கிட்டு இருக்கிற குழந்தை பாதியில சிரிப்பை நிறுத்தணும். யாரும் நிறுத்துன்னு சொல்லாம நிறுத்தணும். புதுசா ஒரு ஆளை வச்சு இதைச் செய்ய முடியுமா? முதல் பாகம் இருந்தாத்தான் முடியும். பாசத்தை வச்சுக் கடை விரிச்சேன்னு எழுதியிருக்கியே, அந்தப் பாசத்தை நான் உடைச்சேன்."

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். லேப்டாப்பை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. "கட்டுரை முழுக்கப் பொதுவாவே எழுதியிருக்கே. என் படத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி இல்ல. எந்தப் படத்தையும் நீ இப்படி விட்டதில்லையே. குடை கறுப்பா இருந்திருக்கணும், ஏன் நீலமா இருக்குன்னு ஒரு பத்தி எழுதற ஆளு நீ."

அண்ணி அடுப்படியிலிருந்து சொன்னாள். "அவர் முழுசாப் பாக்கல சுண்டு. பாதியில எந்திரிச்சு வந்துட்டார். தலைவலின்னார். காரை நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"முழுசாப் பாக்காமலா எழுதினே?"

"பொதுவாத்தானே எழுதினேன்" என்றார் அண்ணன். பிறகு, அவளைப் பார்க்காமல், "'சார்'னு கூப்பிட்டுதே. அதோட எந்திரிச்சுட்டேன்" என்றார்.

சுண்டுவின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது.

அவர்கள் அப்பா கணக்கு வாத்தியார். ஒல்லியாக, உயரமாக, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நடப்பார். படி இறங்கும்போது ஒரு காலை எடுத்து, ஒரு கணம் காற்றில் நிறுத்தி, பிறகு வைப்பார். முதல் பாகத்தின் கொக்கு நடை அவருடையதுதான். படத்தைப் பார்த்துவிட்டு, "யாரோ என்னை மாதிரியே நடக்கறானே" என்று அவரே சிரித்தார். அதற்குப் பிறகுதான் மறதி வந்தது. வாசற்படியில் காலைத் தூக்கிக்கொண்டு, எங்கே கிளம்பினோம் என்று தெரியாமல் நிற்க ஆரம்பித்தார். அண்ணனுக்கும் அவருக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. "படம் பாத்துட்டுக் குறை சொல்றதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டவர் அப்பா. திரைப்பட விழா, அது இது என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. அப்பா எழுந்து உட்கார முயன்று, "வாங்க சார், யாரைப் பாக்கணும்?" என்றார். அண்ணன் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, அதைச் சுண்டுவிடம் மட்டும் சொல்லி அழுதார். அதன் பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை.

அந்தச் 'சார்' இப்போது படத்தில் இருந்தது. பறந்துபோன மகன் கொக்கு திரும்பி வருகிறது. கிழக் கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்து, மரியாதையாக, "வாங்க சார், யாரைப் பாக்கணும்?" என்கிறது.

"எந்தச் 'சார்'? எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே வந்து.

அண்ணன் அவளுக்குச் சொன்னார். மூன்றே வாக்கியம். அண்ணி அவரையும் சுண்டுவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னைக் கேட்டிருக்கணும் சுண்டு" என்றார் பிறகு.

"கேட்டிருக்கணும்."

"ஏன் கேக்கல?"

"வேணாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல." அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தப்புதான். அந்தச் 'சார்' இல்லாம எழுதிப் பாத்தேன். எதுவும் நிக்கல. வேணும்னா டிவிக்குப் போற பிரதியில அந்த வசனத்தை எடுத்துடறேன்."

"எடுத்தா படம் நொண்டும்" என்றார் அண்ணன் எரிச்சலாக. விமர்சகர் குரல் அது. உடனே, "எனக்கு இப்ப எதுவும் பேச முடியல. நீ கிளம்பு" என்றார்.

அவள் கிளம்பினாள். அண்ணி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர் தினமும், "பேசினீங்களா மேடம்?" என்று கேட்டார். "பேசினேன். வேற விஷயம்" என்று சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்தார். வரவேற்பில் இருந்த பெண், கட்டுரை எழுதியவர் இவர்தான் என்று அடையாளம் கண்டு, தண்ணீர் கூடக் கொடுக்காமல் நிற்க வைத்திருந்தாள். சுண்டு இறங்கி வந்து கூட்டிப் போனாள்.

"மீதியைப் போடு" என்றார்.

"முதல்லேர்ந்து பாக்கறியா?"

"விட்ட இடத்துலேர்ந்து."

சின்ன திரையிடும் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். திரையில் கிழக் கொக்கு "வாங்க சார்" என்றது. அண்ணன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மகன் கொக்கு இறக்கையை விரித்தது, பறந்து போகத்தான் போகிறது என்று தோன்றியது. பிறகு மெல்ல மடக்கிக்கொண்டது. "இந்தப் பக்கமா வந்தேங்க. கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்றது. கிழக் கொக்குக்குச் சந்தோஷம். விருந்தாளிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, குளத்தைச் சுற்றிக் காட்டி, பேச்சுவாக்கில், "எனக்கு ஒரு பையன் இருக்கான். எல்லாரையும் திட்டுவான். ஆனா சரியாத் திட்டுவான்" என்றது பெருமையாக. மகன், "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டது. பொழுது சாயும்வரை அது விருந்தாளியாகவே இருந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"நான் அப்படி உக்காரல" என்றார்.

"தெரியும்."

"அந்தப் பையன் சமாச்சாரம், சரியாத் திட்டுவான்னு, அது நீயா எழுதினதா?"

"இல்ல. அப்பா நர்ஸ்கிட்ட சொன்னது. உன் கட்டுரை வந்த பேப்பரைக் கையில வச்சிருந்தார். படிக்க முடியல, ஆனா வச்சிருந்தார்."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஊர்ல இல்ல. அப்புறம் காரியமெல்லாம் முடிஞ்சு சொன்னா, ஆறுதலுக்குக் கட்டிச் சொல்றேன்னு நினைச்சிருப்பே."

"நினைச்சிருப்பேன்தான்" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு முகத்தைத் துடைத்தார், பிறகு மறுபடி கண்ணாடியை. அதை மாட்டிக்கொண்டு, "அந்த இடத்துல இசை ஜாஸ்தி. சும்மா விட்டிருக்கலாம்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. தயாரிப்பாளர் விடல."

"அவருக்குக் காது கேக்குமா முதல்ல?"

இருவரும் கீழே இறங்கிப் போய்க் காபி குடித்தார்கள். வரவேற்புப் பெண் இந்த முறை அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

விருது விழாவுக்கு அண்ணனும் அண்ணியும் அவளுடன் வந்தார்கள். முதல் விருது ஒரு பஸ் டிரைவரைப் பற்றிய படத்துக்குப் போனது. நல்ல படம். டிரைவராக நடித்தவர் மேடை ஏறும்போது சுண்டு மனசாரக் கை தட்டினாள். அவள் படத்துக்கு அனிமேஷன் பிரிவின் தனி விருது கிடைத்தது. தயாரிப்பாளர் அதை வாங்கித் தூக்கிக் காட்டிய வேகத்தைப் பார்த்தால் முதல் விருதே கிடைத்தது போலிருந்தது.

வெளியே வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. காரில் ஏறியதிலிருந்து அண்ணன் ஓயவில்லை.

"பஸ் டிரைவராம்! அந்த ஆளு ஸ்டியரிங் பிடிக்கிற லட்சணத்தைப் பாத்தியா? ஒரு திருப்பத்துலயாவது கண்ணாடியைப் பாத்தானா? ஜூரியா அவங்கெல்லாம்? படத்தைப் பாத்தாங்களா, தூங்கினாங்களா?"

"இருங்க" என்றாள் அண்ணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அனிமேஷனுக்குத் தனி விருது இருக்கு, அதை வாங்கிக்கட்டும்னு எழுதினது யாரு?"

"நான்தான். அதுல என்ன தப்பு? பொதுவா அது சரிதான். ரெண்டாம் பாகத்துக்கெல்லாம் முதல் விருது கொடுக்கவே கூடாது."

"அப்ப இதுக்கு?"

"இதுக்குக் கொடுக்காம விட்டது அயோக்கியத்தனம்."

அண்ணி சிரித்த சிரிப்பில் கார் லேசாக ஓரம் போய் வந்தது. பின்சீட்டில் சுண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடக்கி உட்கார்ந்திருந்தாள். "அதை எழுதறியா அண்ணா, அடுத்த வாரம்?"

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி படம்னு எழுதினான்னு பேசுவாங்க."

"திட்டும்போது மட்டும் தங்கச்சி ஞாபகம் இல்லையா?"

"திட்டறதுக்கு உறவு பாக்கக் கூடாது" என்றார் அவர். பிறகு முன்பக்கம் திரும்பி, சிக்னல் மாறும்வரை எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர், "எழுதறேன். ஆனா அந்த இசையை விட மாட்டேன். ஒரு பத்தி முழுக்க வாங்கு வாங்குன்னு வாங்கப் போறேன்" என்றார்.

"வாங்கு" என்றாள் சுண்டு. சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அண்ணியிடம் உரக்கச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். அண்ணி வேண்டாம் என்றாள். அவர் வேறொன்று சொன்னார்.