ஒரு கை குறைந்தது

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் மும்முரமாக வேலைக்குப் போக மாட்டார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு, எந்தச் சாலையைச் சரிசெய்வது, எந்தப் பாலத்தை விட்டுவிடுவது என்று ஊரே உட்கார்ந்து சண்டை போடும் நாள் அது. நான் கொரின் டாட்ரோ. பத்தொன்பது வருடமாக அந்தக் கூட்டத்துக்கு நடுவர். நடுவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அதைக் கட்டிப்போட்டு வைத்திருப்பேன்.

இந்த வருடம் அது பெரும்பாடாக இருந்தது. என் மகன் ஏன்சல் தேசியக் காவல் படையில் வண்டி மெக்கானிக். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவனுடைய பிரிவு சண்டைக்குக் கிளம்புகிறது. ஜனவரியில் அதிபர் யாரையும் கேட்காமல் ஆரம்பித்த சண்டை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. போர் என்ற சொல்லைக்கூட எவரும் சொல்வதில்லை, 'நடவடிக்கை' என்கிறார்கள். நடவடிக்கையில் இதுவரை முப்பத்தொரு பேர் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அதிபரின் கையைக் கட்ட ஒரு தீர்மானம் மேலவையான செனட்டுக்கு வந்தது. மூன்று ஓட்டில் தோற்றது. தோற்கடித்தவர்களில் எங்கள் செனட்டர் டுவைட் ஹல்பர்ட்டும் ஒருவர். போன ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சியில், நானும் பக்கத்துப் பண்ணை ஹோரஸ் பிக்ஸ்பியும் நிற்கும்போது, எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "ஓட்டெடுப்பு இல்லாம உங்க பையன் எங்கயும் போக மாட்டான், இது என் வார்த்தை" என்று சொன்ன அதே மனிதர். ஹோரஸுக்கு அன்று கண்ணே கலங்கிவிட்டது. மூன்று தேர்தலாக ஹல்பர்ட் பெயர்ப்பலகையைத் தன் சோளக்காட்டில் நட்டு வைத்தவர் அவர்.

காலை பத்து மணிக்கு அந்த ஹல்பர்ட், இரண்டு கேமராக்களும் நான்கு உதவியாளர்களும் பின்னால் வர, கூடத்துக்குள் நுழைந்தார். எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் பேச வேண்டுமென்றால் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். அதிபரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவராகவே இருக்கட்டும், எங்கள் கூடத்தில் அவர் வெளியூர் ஆள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வெளியூர்க்காரர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சேற்றில் நனைந்த அவருடைய விலை உயர்ந்த காலணியைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

வழக்கமாக இதெல்லாம் ஒரு நொடி வேலை. நான் "ஆட்சேபம் உண்டா?" என்பேன். கம்பளி பின்னுகிறவர்கள் தலைகூட நிமிர மாட்டார்கள். பெரிய மனிதர் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

"செனட்டர் ஹல்பர்ட் பேச அனுமதி கேக்கிறார். ஆட்சேபம் உண்டா?"

"உண்டு."

ஹோரஸ் எழுந்து நின்றிருந்தார். எழுபத்தைந்து வயது, பதினெட்டில் வியட்நாமுக்குப் போய் ஒரு காதின் கேட்கும் திறனைத் தொலைத்துவிட்டு வந்தவர். அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"இந்த ஆள் பேசினதை ஏற்கெனவே ஒரு தடவ கேட்டுட்டேன். கைய வேற புடிச்சுட்டுச் சொன்னார். அந்தக் கைய இன்னும் கழுவிட்டு இருக்கேன்."

கூடம் சிரித்தது. செனட்டரும் சிரித்தார், கேமராவுக்காக. அதற்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வந்தவரைப் பேச விடாம அனுப்புறதா? என்ன ஊருய்யா இது?" என்றது ஒரு குரல். "ஓட்டுப் போடுற எடத்துல வாய மூடிட்டு இருந்தவருக்கு இங்க மட்டும் என்னத்துக்கு மைக்?" என்றது இன்னொன்று. சுத்தியலால் மேசையைத் தட்டினேன். குரல் ஓட்டு வைத்தேன், கூச்சல்தான் மிஞ்சியது. "கை தூக்குங்க," என்றேன்.

எங்கள் ஊரில் கைகளை எண்ணுவது நடுவர் மட்டும்தான். நடைபாதையில் நடந்துபோய், வரிசை வரிசையாக எண்ணி, மேடைக்குத் திரும்பி எண்ணைச் சொன்னால், ஊர் எழுத்தர் வெர்னா அதை ஏட்டில் எழுதுவாள். கூடவே இன்னொருவர் எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

பேசட்டும் என்பவர்களை முதலில் எண்ணினேன். கடைசி வரிசைக்குப் போனபோது, பின்சுவரில் சாய்ந்து நின்ற ஏன்சலைப் பார்த்தேன். சீருடையில் இல்லை, பழைய கட்டம்போட்ட சட்டை. கையை உயர்த்தியிருந்தான். இவனை அனுப்புகிற ஆள் பேச வேண்டுமாம், அதற்கு இவனே கை தூக்குகிறானாம். எனக்கு உச்சி எரிந்தது. அவன் கையோடு சேர்த்துத் தொண்ணூற்று நான்கு.

வேண்டாம் என்பவர்கள் நாற்பத்தேழு.

மேடைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். அந்தப் பன்னிரண்டு அடியில் கணக்குப் போட்டேன். மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. மூன்றில் இரண்டு பங்கு, சரியாகத் தொண்ணூற்று நான்கு. ஒன்று குறைந்தாலும் அந்த மனிதர் வாயைத் திறக்க முடியாது. கேமரா முன்னால், ஒரு சின்ன ஊர் அவரை உட்கார வைத்துவிட்டது என்று நாடே பார்க்கும். என் மகனை அனுப்புகிறவர்களுக்கு எதிராக என்னால் ஆகக்கூடியது அவ்வளவுதான். அதைத் தடுக்க அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

"ஆதரவு தொண்ணூத்தி மூணு. எதிர்ப்பு நாப்பத்தி ஏழு. அனுமதி இல்லை."

வெர்னாவின் பேனா ஓடியது. பாதிக் கூடம் கைதட்டியது. செனட்டரின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது. எனக்கு இனித்தது. நல்லவள் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே இனித்தது.

"நடுவர் அவர்களே."

ஏன்சலின் குரல். என்னை அவன் அப்படி அழைத்ததே கிடையாது.

"காகித ஓட்டு வேணும்."

ஏழு வாக்காளர்கள் எழுந்து நின்று கேட்டால் காகித ஓட்டு வைத்தே ஆக வேண்டும். நடுவருக்கு அதில் பேச்சே இல்லை. ஆனால் ஏழு பேர் சேரும்வரை எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது என் கையில்தான் இருந்தது. சுத்தியலை எடுத்துவிட்டேன்.

"கூட யாராவது நிக்கிறீங்களா?" என்று, முடிந்தவரை வேகமாகக் கேட்டேன்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண் எழுந்தாள். அவள் கணவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், அவள் தட்டிவிட்டாள். பிறகு பால்பண்ணைச் சகோதரர்கள் இருவர். பிறகு மருந்துக்கடைக்காரர். ஏன்சலோடு ஐந்து. சற்றுப் பிறகு முன்வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த மில்ட்ரெட் கிட்ரெட்ஜ், ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் எழுந்தாள். ஆறு.

நான் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். யாரும் அசையவில்லை. சுத்தியலை ஓங்கினேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஹோரஸ்.

"ஹோரஸ், நீங்கதானே ஆட்சேபிச்சீங்க? ஓட்டு உங்க பக்கம்தான்," என்றேன். நடுவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"தெரியும் கொரின். காதுதான் ஒண்ணு போச்சு, புத்தி போகல. அந்த ஆள் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் எனக்கும் ஆசை. ஆனா ஒரு கை கொறஞ்சு தோத்தார்னா, நிஜமாவே கொறஞ்சதான்னு எனக்குத் தெரியணும்."

ஏழு.

வெர்னா நீலக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஊர் வரிசையில் நின்று மரப்பெட்டியில் போட்டது. காகித ஓட்டை மூன்று பேர் எண்ணுவார்கள், நடுவர் தொடக்கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் மேசையில் கை வைத்தபடி நின்றேன். சமையல் பக்கமிருந்து பீன்ஸும் பன்றித்தொடையும் வேகும் வாசனை வந்து குமட்டியது. இந்த முறை முன்பு கை தூக்காத இரண்டு பேரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஆதரவு தொண்ணூற்று எட்டு. எதிர்ப்பு நாற்பத்தைந்து.

செனட்டர் மைக்கைப் பிடித்தார். தகவல்கள் ரகசியமானவை என்றார். அதிபருக்கு வேகமாக முடிவெடுக்கும் வசதி தேவை என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நான் போட்ட ஓட்டு உங்க பிள்ளைங்களோட பாதுகாப்புக்காக. அவங்களுக்காக மட்டும்தான்," என்றார். ஒருவரும் கைதட்டவில்லை.

"ஒரு கேள்வி," என்றான் ஏன்சல். "இங்க ஏழு பேர் எழுந்து நின்னா, நடுவர் சொன்ன கணக்கத் திரும்ப எண்ணியே ஆகணும். நடுவர் எங்க அம்மா. நான்தான் முதல்ல எழுந்தேன். அங்க நீங்க நூறு பேர் இருக்கீங்க சார். ஏன் எழுந்திரிக்கல?"

"தம்பி, வாஷிங்டன்ல விஷயம் அவ்ளோ சுலபம் இல்ல…"

"இங்கயும் சுலபமா இல்ல சார்."

செனட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்றார். கேமராக்கள் அவருக்கு முன்னால் ஓடின. "சோளக்காட்டுல உங்க பலகை கெடக்கு, போற வழியில எடுத்துட்டுப் போங்க!" என்று ஹோரஸ் பின்னாலிருந்து கத்தினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளை விட்டேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் கோட்டு மாட்டியிருந்த நடைவழியில் ஏன்சலைப் பிடித்தேன்.

"நீ எண்ணினியா?"

"பின்சுவர்ல நின்னா எல்லாக் கையும் தெரியும்மா. தொண்ணூத்தி நாலு."

"அப்போ ஏன்டா எல்லார் முன்னாடியும் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

"வெள்ளிக்கிழமை நீ போற. அந்தப் பாவி உன்னை அனுப்பிட்டு வந்து இங்க மைக்கைப் புடிக்கிறான். என்னால எப்படிடா பார்த்துட்டு நிக்க முடியும்? உனக்காகத்தான் பண்ணினேன்."

அவன் முகம் சுருங்கியது. சின்ன வயதில்கூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அத மட்டும் சொல்லாதம்மா. அந்த ஆளும் இப்பத்தான் அதையே சொல்லிட்டுப் போறார்."

அவன் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டான். நான் கோட்டுகளுக்கு நடுவே நின்றேன். அழுகை வந்தது, அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. அந்த மனிதரை ஏழு வாரமாக என்னென்ன பெயர் சொல்லித் திட்டியிருப்பேன்!

ஒரு மணிக்குக் கூடம் திரும்பக் கூடியது. அடுத்த தீர்மானம் பனி அள்ளும் வண்டி பற்றியது. நான் அதை வாசிக்கவில்லை.

"காலையில கை எண்ணினப்போ ஆதரவு தொண்ணூத்தி நாலு. நான் தொண்ணூத்தி மூணுன்னு சொன்னேன். தப்பா எண்ணல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

வெர்னா பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். "இதையும் எழுதணுமா கொரின்?" என்று மெல்லக் கேட்டாள்.

"எழுது."

ஹோரஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் எழுந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தாமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவ?"

"இல்ல ஹோரஸ். சத்தியமா இதான் முதல் தடவ."

"நாலு வருஷம் முன்னாடி சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த மூடினோமே," என்றாள் மில்ட்ரெட். ஊசிகள் நின்றிருந்தன. "ரெண்டே கை வித்தியாசம். என் பேத்தி இப்ப தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸுல போறா. அதையும் நீதான் எண்ணினே."

அதை நான் சரியாகத்தான் எண்ணினேன். கடவுள் சாட்சியாகச் சரியாகத்தான் எண்ணினேன். சொல்ல வாயைத் திறந்து, அந்தக் கூடத்தில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டேன்.

மீதித் தீர்மானங்களுக்கு மருந்துக்கடைக்காரரை நடுவராக்கினார்கள். பனி வண்டிக்கு, சாலைக்கு, நூலகத்துக் கூரைக்கு என்று மாலை வரை ஒவ்வொரு ஓட்டையும் மூன்று பேர் நடந்து எண்ணினார்கள். நான் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கையைத் தூக்கினேன். என் வரிசைக்கு வந்தபோது அந்த மூன்று பேரும் என் கையை நின்று பார்த்து எண்ணினார்கள்.