இரண்டாம் மணியின் கயிறு

மேவிஸ் டிரிங் தேவாலயக் கோபுரப் படிகளில் பாதிதான் ஏறியிருந்தாள். அதற்குள் மேலே இரண்டு ஆண் குரல்கள் முட்டிக்கொள்வது கேட்டது. சுற்றிச் சுற்றிப் போகும் கல்படி, நடுவில் தேய்ந்து குழி விழுந்தது. சுவரோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலிக்காக நின்றதாக, கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மேலே மூன்றாவதாக ஒரு பெண்குரல் இருக்கிறதா என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். இல்லை. யுர்கிதா இன்னும் வரவில்லை.

இன்றைக்கு அவள் வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம், வராமல் போனால் இனி எப்போதுமே வரமாட்டாளோ என்று ஒரு மனம். காலையில் அடுப்பில் கெண்டி சீறத் தொடங்கும் நேரத்தில் ரேடியோவில் சொன்னார்கள், நாடு ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்துவிட்டது என்று. அப்போதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள். வெளியேறத்தான் அவளும் போட்டிருந்தாள். ஆனால் ஜெயிக்கும் என்று நினைத்துப் போடவில்லை. டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்த எரிச்சல், பஸ்ஸை நிறுத்திவிட்ட எரிச்சல், அவர்களுடைய சதுப்புச் சீமை என்று ஒன்று இருப்பதே லண்டனில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்ற எரிச்சல். எல்லாம் சேர்ந்து அந்த மரத்தடுப்புக்குள் பென்சிலை எடுத்த கணத்தில் கை போன பக்கம் போயிற்று. வீட்டுக் கதவை ஓங்கிச் சாத்துவோமே, அப்படி. சாத்தினால் வீடே அதிரும் என்று யார் கண்டார்கள்.

அது மட்டுமென்றால் தாங்கிக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை மழையில் முழங்கால் வலியோடு அவளால் வாக்குச்சாவடிக்கு நடக்க முடியவில்லை. காரில் கூட்டிக்கொண்டு போனதே யுர்கிதாதான். பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கும் லிதுவேனியாக்காரி, கோஸ் பொதியும் கொட்டகையில் மேற்பார்வையாளர். அவளுக்கு இந்த வாக்கு கிடையாது. காரிலேயே உட்கார்ந்திருந்தாள். மேவிஸ் திரும்பி வந்து ஏறியதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வைப்பரைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

மேவிஸ் ஏறி முடித்து மணியடிக்கும் அறைக்குள் நுழைந்தபோது ஐந்து கயிறுகளும் கூரையிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. உருளைக்கிழங்கு விவசாயி கிளைவ், சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நின்றார். எதிரே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஃபிலிப், தூக்கமில்லாத கண்ணோடு. மூலைப் பெஞ்சில் லென் கிழவர் தன் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு அது ஆகாது.

"கேப்டன் வந்தாச்சு. இந்த ஆள் என்ன பண்ணி வச்சிருக்கான்னு கேளு மேவிஸ்" என்றார் கிளைவ். "மத்தியானமே மேல ஏறி அஞ்சு மணி நாக்குலயும் தோல் உறை கட்டிட்டான்."

மணியின் நாக்கில் ஒரு பக்கம் தோல் உறை கட்டினால் ஓர் அடி கணீரென்றும் அடுத்த அடி தூரத்திலிருந்து வருவதுபோல மங்கியும் கேட்கும். சாவுக்கு மட்டும் கட்டுவது.

"செத்தா கட்டுறதுதானே? இன்னைக்குச் செத்திருக்கு" என்றார் ஃபிலிப்.

"உன் மூஞ்சிதான்யா செத்திருக்கு. எதிர்க்க 'கலப்பை' பப்புல ஊரே நிக்குது. மணி அடிக்கப்போறோம், யுத்தம் முடிஞ்சப்ப எங்க தாத்தா அடிச்ச மாதிரி அடிப்போம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?" என்றாள் மேவிஸ். "இது என்ன, உன் டிராக்டர் ஹாரனா?" பிறகு ஃபிலிப் பக்கம் திரும்பினாள். "நீ யாரைக் கேட்டுக் கட்டினே? ராஜ குடும்பத்துல ஒரு சாவுன்னாகூட பாதிரியார் சொல்லாம இங்க உறை ஏறினதில்ல. போய் அவுத்துட்டு வா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைன்னா பயிற்சி. போன வாரம் மாதிரி அடிப்போம், வீட்டுக்குப் போவோம்."

சொல்லும்போது அது அவளுக்கே நல்ல வழியாகத் தோன்றியது. ஃபிலிப் ஏணியில் ஏறினார். மேலே அவருடைய செருப்புச் சத்தமும் வாரைப் பிய்க்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

"உள்ளுக்குள்ள சந்தோஷம்தானே உனக்கு?" என்றார் கிளைவ், குரலைத் தாழ்த்தி. "நீயும் நம்ம பக்கம்தான். எனக்குத் தெரியாதா?"

மேவிஸ் பதில் சொல்ல வாயெடுக்கும்போது படியில் காலடிச் சத்தம். கொட்டகையில் மாட்டும் தலைவலையின் கோடு இன்னும் நெற்றியில் அழியாமல் யுர்கிதா வந்து நின்றாள். எத்தனை கேட்டாளோ தெரியாது. ஜாக்கெட்டைக் கழற்றி எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டினாள். ஏணியில் இறங்கி வந்த ஃபிலிப், உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாரும் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? யார் ஜெயிச்சா?" என்றார் லென், கத்தி.

"வெளிய போறவங்க" என்று கிளைவ் அவர் காதருகில் கத்தினார்.

"திங்கக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துலயா?"

கிளைவ் சிரித்தார். சிரிப்பு தனியாக நின்றுவிட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு யுர்கிதாவிடம் போனார். கெட்ட மனிதர் இல்லை அவர். யுர்கிதாவின் கார் பனியில் வாய்க்காலுக்குள் சறுக்கியபோது ராத்திரி என்று பார்க்காமல் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தவர். "இத பாரு பொண்ணே, உன்னைச் சொல்லல. நீ நம்ம ஆளு. நாங்க சொன்னது மத்தவங்களை."

"மத்தவங்கன்னா யாரு கிளைவ்? என் வீட்டுக்காரரா, என் நாத்தனாரா?" என்றாள் அவள், கயிறு வழுக்காமலிருக்கக் கையில் சாக்பீஸைத் தேய்த்தபடி. "பேரைச் சொல்லிட்டீங்கன்னா வீட்ல போய்ச் சொல்லிடுவேன். ரிமாஸ் காலையிலேர்ந்து பெட்டியை எடுக்கட்டுமா வேண்டாமான்னு கேட்டுட்டே இருக்கார்."

கிளைவ் தன் கயிற்றுக்குத் திரும்பிப் போனார்.

"நான் மன்னிப்பு கேட்டுக்கறேன், யுர்கிதா. எங்க எல்லார் சார்பாவும்" என்றார் ஃபிலிப்.

"நீங்க எதுக்குக் கேக்கணும்? நீங்க ஒண்ணும் பண்ணலையே." அவள் கண் அவர் கையிலிருந்த தோல் உறைகளில் நின்றது. "இது யாருக்கு? எனக்கா கட்டினீங்க? நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

ஃபிலிப் உறைகளைப் பெஞ்சுக்கடியில் தள்ளினார். 'நீங்க ஒண்ணும் பண்ணலையே' என்பதிலிருந்த அந்த 'நீங்க' மேவிஸின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பண்ணினவர் யார் என்று யுர்கிதா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"எங்க பொண்ணு உக்னேவை இன்னைக்கு ஸ்கூல்ல ஒரு பையன் கேட்டானாம்" என்றாள் யுர்கிதா, பொதுவாக, கயிற்றைப் பார்த்து. "எப்ப ஊருக்குப் போறே, உன் சைக்கிளை எனக்குத் தர்றியான்னு. சண்டை எல்லாம் இல்ல. சும்மா விசாரிச்சிருக்கான்."

"கயிறைப் பிடிங்க" என்றாள் மேவிஸ்.

முதலில் மணிகளை மேலேற்ற வேண்டும். வாய் கீழே பார்க்கத் தொங்கும் மணியை ஆட்டி ஆட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கடைசியில் வாய் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துவது. மேலே ஒரு மரக்கட்டை அதைத் தாங்கிக்கொள்ளும். அந்தக் கட்டையை நம்பித்தான் எல்லாம். அளவுக்கு மீறி இழுத்தால் மணி அதில் போய் இடிக்கும். கட்டை முறிந்தால் மணி மறுபக்கம் கவிழ்ந்து கயிற்றையும், விடாத ஆளையும் மேலே இழுத்துக்கொள்ளும்.

மணிகள் ஒலித்துக்கொண்டே ஏறத் தொடங்கிய உடனே சன்னல் வழியாக ஓர் ஆரவாரம் வந்தது. பப் வாசலில் நின்ற கூட்டம். கண்ணாடிக் கோப்பைகள் இடிபடும் சத்தம், விசில், யாரோ எடுத்துக்கொடுக்க எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. ஐந்து மணிகளும் மேலேறி ஒவ்வொன்றாக நின்றபோது கீழே இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் யுர்கிதா.

"விட்டுடலாம் மேவிஸ்" என்றார் ஃபிலிப். "இறக்கி வச்சுட்டுப் போயிடலாம். என்ன அடிச்சாலும் அவங்க கொண்டாட்டமாத்தான் எடுத்துப்பாங்க."

"இப்ப நிறுத்தினா கோபுரத்துல உக்காந்து அழுவுறோம்னு சொல்லுவாங்க" என்றார் கிளைவ். "நாளைக்கு நான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது."

மேவிஸ் இருவரையும் பார்த்தாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். உறை போட்டால் ஒப்பாரி, போடாவிட்டால் வெற்றி முழக்கம், அடிக்காவிட்டால் அதுவும் ஒரு பேச்சு. போன வார வெள்ளிக்கிழமை என்று ஒன்று இனி இல்லவே இல்லை. இத்தனை நேரமும் அதற்குள்தான் அவள் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். இப்போது எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்ன சொல்றே?" என்று யுர்கிதாவைக் கேட்டாள்.

"நீங்கதானே கேப்டன்" என்றாள் யுர்கிதா. "நீங்க முடிவு பண்ணுங்க. பண்ணினதுக்கு அப்புறம் நாங்க பாத்துக்கறோம்."

கிளைவ் உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"அடிப்போம்" என்றாள் மேவிஸ். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

ஒன்றாம் மணி யுர்கிதாவுடையது, சின்னது, எல்லோருக்கும் முன்னால் போவது. இரண்டாவது மேவிஸ். மூன்று லென், நான்கு ஃபிலிப், எல்லாவற்றிலும் பெரிய ஐந்தாவது கிளைவ். இரண்டாம் மணிக்காரருக்கு ஒரு விதி உண்டு. காதால் அடிக்க முடியாது; ஒன்றாம் மணிக்காரரின் கை இறங்குவதைப் பார்த்து, அதன் பின்னாலேயே தன் கையை இறக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. ஆறு வருஷமாக மேவிஸ் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அடிக்கிறாள். குளிரில் வெடித்த விரல் கணுக்கள், கோஸ் வெட்டும் கத்தி பட்ட தழும்பு, வெட்டி வெட்டிக் குட்டையான நகங்கள். தன் மகளுடைய கைகூட அவளுக்கு இவ்வளவு தெரியாது. மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள்.

மணிகள் ஓடத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடியும். ஒழுங்காகத்தான் வந்தது. கயிற்றின் கம்பளிப் பிடி கைக்கு வருவதும் நழுவிக் கூரைக்கு ஏறுவதும் மூச்சுப் போல நடந்தது. கீழே பாட்டு நின்று, மணியின் தாளத்துக்குக் கை தட்டினார்கள். ஒன்றாம் மணியின் அடி கீழிருந்து வரும் கைதட்டலோடு சேர்ந்து விழுவதை மேவிஸ் கேட்டாள். அவர்கள் யுர்கிதா அடிக்கும் அடிக்குத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது யுர்கிதாவுக்கும் கேட்டிருக்கும்.

கையிலிருந்து கண் முகத்துக்கு ஏறிவிட்டது. ஏறியிருக்கக் கூடாது. யுர்கிதா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. மருத்துவமனையில் சோதனை முடிவைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்களே, அப்படி.

"நேத்து கார்ல ஏறினப்பவே தெரிஞ்சுது எனக்கு" என்றாள், இரண்டு இழுப்புக்கு நடுவில். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இரண்டாம் மணிக்காரிக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டு தடவை தேங்க்ஸ் சொன்னீங்க."

மேவிஸ் இழுத்தாள். எதை இழுக்கிறோம் என்று தெரியாமல், முழு உடம்பையும் போட்டு இழுத்தாள். மேலே மரம் முறியும் சத்தம், குட்டையாக, எலும்பு முறிவது மாதிரி. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு மேலே போனது. விட வேண்டும் என்று உலகத்தில் வேறு எவரையும்விட அவளுக்குத் தெரியும். கை விடவில்லை. குதிகால் தரையைவிட்டு எழும்பியது.

"விடுங்க, மேவிஸ், விடுங்க" என்று யுர்கிதாவின் குரல் கேட்டது.

விட்டாள். கயிற்றுக்கடியில் விரித்திருந்த கம்பளத்தில் போய் உட்கார்ந்தாள்.

யுர்கிதா தன் மணியை நிறுத்தியிருந்தாள். மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டாம் மணி மட்டும் நிற்கவில்லை. தாங்க ஒன்றுமில்லாமல் மேலே அது புரண்டு புரண்டு ஆட, கயிறு அறை நடுவே அடிபட்ட பாம்பாகத் துள்ளிச் சுழன்றது. எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். லென் மேவிஸின் தோளைப் பற்றிப் பெஞ்சுப் பக்கம் இழுத்தார். கூரைத் துளைக்குள் ஏறிப்போன கயிறு திரும்ப வந்து விளக்கைத் தட்டிவிட்டுப் போனது. மணி கணீர், கணீரென்று தனியாக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே கைதட்டினார்கள்.

"அடிபட்டுச்சா?" என்றாள் யுர்கிதா.

"இல்ல." மேவிஸ் உள்ளங்கையை மடியில் மூடிக்கொண்டாள். "ஆமா, போட்டேன். வெளியேறணும்னுதான் போட்டேன். உன் கார்ல வந்து." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உன்னை நினைச்சுப் போடல."

"அதான்" என்றாள் யுர்கிதா. "என்னை நினைக்கல."

ஃபிலிப் சன்னலைச் சாத்தினார். கைதட்டல் பாதியாகியது, மணி அப்படியே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவியா?" என்று மேவிஸ் கேட்டாள்.

யுர்கிதா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்க ஆளில்லாத மணி தானாக அடங்குவதற்கு நெடுநேரம் ஆகும். பழகின கை ஒன்று, சரியான துள்ளலில் கயிற்றைப் பிடித்துவிட்டால் சீக்கிரம் அடக்கி இறக்கிவிடலாம். தப்பான துள்ளலில் பிடித்தால் தோள்பட்டை போய்விடும். கிளைவ் ஓர் அடி முன்னால் வைத்தார். யுர்கிதா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

பிறகு சுவரைவிட்டு வந்தாள். கயிறு அவள் முகத்துக்கு முன்னால் ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்து, இன்னும் மூடாமல், அவள் அதன் போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.