ஜன்னல் பக்கம் வந்தவர்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை பற்றி யோசனை சொல்ல மாவட்டத்துக்கு ஒரு வழிகாட்டி அதிகாரி, அவர்களுக்கு மேலே மண்டல அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலே தலைநகர் அக்ரா. காகிதத்தில் ஏற்பாடு கச்சிதம்தான். தென்கோடியில் கேட்டா என்ற கடற்கரை ஊரில் பிறந்த செனாமை, கானாவின் வறண்ட வடமேற்கு மூலைக்கு அனுப்பியதும் அந்தக் காகிதம்தான். இரண்டு வருடமாக அவளோடு மனம்விட்டுப் பேச அந்த ஊரில் ஓர் ஆளில்லை.

ஊர்ப் பள்ளியில் அவளுக்கு ஓர் அறை. கதவின் மேல் 'கவுன்சலிங்' என்று எழுதியிருந்தது. அதுதான் வினை. அந்த ஊரில் ஒரு பெண் கவுன்சலிங்குக்குப் போனாள் என்றால் வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். கதவுப் பக்கம் ஈ காக்கை வராது.

ஆனால் பின்பக்க ஜன்னலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவள், முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்ட ஒரு பெண்.

"மேடம், நர்சுக்குப் படிக்க சயின்ஸ் எடுக்கணுமா?"

"உள்ள வந்து உக்காரும்மா."

"உள்ள வந்தா யாரு பிள்ளைன்னு எங்கம்மா கேக்கும். இங்கயே சொல்லுங்க."

செனாம் சொன்னாள். பெயர் கேட்டால் ஓடிவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை. அவள் வாரம் தவறாமல் வந்து கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே செனாம் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

தவணை முடிவில் மண்டல அலுவலகத்திலிருந்து மேலதிகாரி சுலே வந்து பதிவேட்டைப் புரட்டினார். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டவர்கள் மூன்றே பேர்.

"நாப்பது பேர் இல்லன்னா ரூம மூடச் சொல்லி உத்தரவும்மா."

"ஜன்னல் வழியா நிறையப் பேர் வர்றாங்க சார்."

"படிவத்துல ஜன்னலுக்குக் கட்டம் இல்லையே. சரி, பேரச் சொல்லுங்க, எப்படியாவது சேத்துடறேன்."

செனாமுக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. இட்டுக்கட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த வாரமே அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், பள்ளிக்கூடமே பார்க்க, முக்காட்டுக்காரி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நோட்ட எடுங்க மேடம். கையெழுத்துப் போடுறேன்."

"அத எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா." செனாம் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உன் பேரு என்ன?"

"ரஃபாத்து," என்றாள் அவள். "ரெண்டு வருஷமா வர்றேன். நான் யாருன்னு உங்களுக்கு அக்கறை இல்லன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."